பனியன் முதலில், பேர் அப்புறம்

கேள்வி: எனக்கு வயது 27. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஐந்து வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஊர் கபடி டீமிலும் ஆடுகிறேன். அடுத்தவர் பிராண்டுக்கே தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்காமல், சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ்வேர் பிராண்ட் தொடங்க ஆசை. கையில் மூன்று லட்சம் இருக்கிறது. லோகோ, வெப்சைட், போட்டோஷூட்டுக்கே ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்துக்கொள் என்கிறார் அக்கா. வேலையை விட்டால் வீட்டுப் பக்கம் வராதே என்கிறார் அப்பா. ஒன்றுமில்லாமல் தொடங்கி ஜெயித்தவர்கள் எப்படித்தான் தொடங்கினார்கள்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, உங்கள் முழுக் கடிதம் நான்கு பக்கம். அதில் ‘பிராண்ட்’ என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது. ‘வியர்வை’ ஓரிடத்திலும் இல்லை. எனக்கு அங்கேதான் உறுத்தியது.

அண்டர் ஆர்மர் என்ற ஸ்போர்ட்ஸ்வேர் கம்பெனியை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதைத் தொடங்கிய கெவின் பிளாங்க், அமெரிக்காவில் மேரிலேண்ட் பல்கலைக்கழக டீமில் அவர்கள் ஊர் ஃபுட்பால் ஆடியவர். கவசத்துக்கு உள்ளே போடும் காட்டன் டீ-ஷர்ட் வியர்வையில் ஊறிக் கனக்கும். மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப்போனவர், இடுப்பில் போட்டிருக்கும் இறுக்கமான ஷார்ட்ஸ் மட்டும் அவ்வளவாக ஊறாமல் இருப்பதைக் கவனித்தார். அதே மாதிரித் துணியில் மேலுக்கும் ஒன்று தைத்தால் என்ன? மொத்த வியாபாரமும் இந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான்.

காரணம் உங்களுக்கே தெரியும். பருத்தி இழை ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். சாதாரண நிலையிலேயே அதன் ஈரப்பிடிப்பு 8.5 சதவீதம். பாலியெஸ்டருக்கு 0.4. பாலியெஸ்டர் பனியனைச் சரியாகப் பின்னி ஃபினிஷிங்கும் சரியாகக் கொடுத்தால், வியர்வை துணியின் வெளிப்பக்கம் பரவிக் காய்ந்துவிடும். பருத்தியிலேயே பழகிய ஊர்க்காரர் நீங்கள். இந்த வித்தியாசத்தைக் கையில் தொட்டுப் பார்த்துப் பழக உங்களுக்கும் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

1996-ல் வாஷிங்டனில் பாட்டி வீட்டு நிலவறைதான் பிளாங்கின் ஆபீஸ். படிக்கிற காலத்தில் காதலர் தினத்துக்கு ரோஜா விற்றுச் சேர்த்த பணம்தான் முதல். மாதிரிச் சட்டைகளைத் தைத்து வாங்கியவர் அவற்றைக் கடைக்குக் கொண்டுபோகவில்லை. கூட ஆடிய பழைய நண்பர்கள் சிலர் அதற்குள் அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய லீகான என்.எஃப்.எல். டீம்களில் இருந்தார்கள், அவர்களுக்கு அனுப்பினார். ஒன்று உனக்கு, இன்னொன்று பக்கத்து லாக்கர்காரனுக்கு. அப்புறம் காரின் டிக்கியில் சரக்கை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக டீம்களைத் தேடி அலைந்தார். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக டீம் வாங்கியது. முதல் வருட விற்பனை மொத்தமே சுமார் 17,000 டாலர், அன்றைய மதிப்பில் ஆறு லட்ச ரூபாய் இருக்கும். அதற்குள் கிரெடிட் கார்டுகளில் ஏறிய கடன் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இந்தக் கடன் கதையைத் துணிச்சல் என்று சொல்லிக் கைதட்டுவார்கள். எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. அதே மாதிரிக் கடன் வாங்கி முழுகிப்போனவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை.

பேர் விஷயத்தையும் கேளுங்கள். அவர் முதலில் விரும்பிய பேருக்கு டிரேட்மார்க் கிடைக்கவில்லை. இப்போதுள்ள பேர், அவருடைய அண்ணன் பேச்சுவாக்கில் தப்பாகச் சொன்னதிலிருந்து வந்தது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் (Armour) கூடுதலாக ஒரு ‘u’ இருப்பது டோல் ஃப்ரீ நம்பருக்குத் தோதாக வந்ததால்! ஆகவே ஒன்றரை லட்சம் கேட்கும் லோகோக்காரரிடம் இன்னும் ஒரு வருடம் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள். பேர் மனதில் இருந்தால், ஆடைகளுக்கான 25-ஆம் வகுப்பில் அதை ஏற்கெனவே யாராவது பதிந்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்து வையுங்கள்.

சரி, நீங்கள் என்ன செய்வது? ஆடுகிறவர் நீங்களே. பிடி விழும்போது கபடி பனியன் எங்கே கிழிகிறது? உடையைப் பிடிக்கக் கூடாது என்று விதி சொன்னாலும், பாய்கிற வேகத்தில் கையில் சிக்குவது அதுதானே. அக்குள் தையலிலா, பக்கவாட்டிலா, கழுத்து ரிப்பிலா? டீமில் கிழிந்து கிடக்கும் பனியன்களைச் சேகரித்து மேஜைமேல் பரப்பிப் பாருங்கள். பத்து பனியன் பேசுவதை எந்த கன்சல்டன்டும் பேச மாட்டார். காதர்பேட்டையில் மிச்சத் துணி கிலோ கணக்கில் எடுத்து, நல்ல சாம்பிள் டெய்லர் ஒருவரைப் பிடித்து, உள்ளே விளிம்பு துருத்தும் ஓவர்லாக்கை விட்டு, தட்டையாகப் படியும் ஃபிளாட்லாக்கில் ஆறு பனியன் தையுங்கள். உடம்பை அறுக்காத தையல் அதுதான். இரண்டு ஜி.எஸ்.எம்.மில், அதாவது இரண்டு துணிக் கனத்தில், செய்தால் ஒப்பிட வசதி. டீமில் போட்டு ஆடிப் பாருங்கள். இதற்கெல்லாம் உங்கள் மூன்று லட்சத்தில் ஒரு சிறு மூலை போதும்.

பிளாங்கின் கம்பெனி 2010-ல் நூறு கோடி டாலர் விற்பனையைத் தாண்டியது. பிற்பாடு அடுத்த காலாண்டு ஆர்டர்களை முன்கூட்டியே இழுத்து விற்பனைக் கணக்கை நிமிர்த்திக் காட்டி, அதை முதலீட்டாளர்களிடம் சொல்லாமல் விட்டதாகப் புகார் எழுந்து, 2021-ல் 90 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. ஷிப்மென்ட் தேதியை முன்னே தள்ளச் சொல்லி மாதக் கடைசியில் வரும் போன்களை எடுக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேலையை விடாதீர்கள். அப்பாவுக்குப் பயந்து அல்ல. துணி, டையிங், ரேட் எல்லாம் சம்பளத்தோடு கற்றுக்கொள்ளும் இடம் அது. கம்பெனியின் பையர் டிசைனையோ பேட்டர்னையோ மட்டும் தொடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகள் இப்போதைக்குப் போதும். அக்காவின் நகை அக்காவிடமே இருக்கட்டும். உதவியே ஆக வேண்டும் என்றால், அந்த ஆறு பனியனையும் முப்பது தடவை துவைத்துப் பார்த்து, வியர்வை நாற்றம் போகிறதா என்று சொல்லச் சொல்லுங்கள். பாலியெஸ்டரில் அது லேசில் போகாது.

இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு கார்டு போடுங்கள். கிழிந்திருந்தால், எங்கே கிழிந்தது என்றும் எழுதுங்கள்.