1940இல் ஜெர்மனி பிரிட்டனைக் கைப்பற்றியிருந்தால் என்ற கற்பனையில், எதிர்ப்பு இயக்கம் பற்றிய இளையோர் நாவலை நம்பும்படி எழுதுவது எப்படி?

இதே கற்பனையில் நானும் ஒரு நாவலைத் தொடங்கி, எழுபது பக்கங்களுக்குப் பின் கைவிட்டவன் என்பதால், என் பிழையிலிருந்தே விடை சொல்கிறேன். ஜெர்மானியர் பிடியிலிருக்கும் தென் இங்கிலாந்தில் வாழும் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, என் கதையின் மூன்றாம் அத்தியாயத்திலேயே ஒரு ரயில் பாலத்தைத் தகர்த்துவிடுவாள். மறுநாள் காலை அவள் வழக்கம்போல் பள்ளிக்குப் போவாள். ஊரில் ஒருவருக்கும் எதுவும் நேராது.

உண்மையில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு, ஜெர்மானியர் பிடியிலிருந்த செக் நாட்டின் லிடிட்சே கிராமம் ஒன்றே போதும். 1942 மே 27 அன்று பிராக் நகரில் எதிர்ப்புப் போராளிகளால் தாக்கப்பட்ட, அங்கே ஆட்சி நடத்திய நாஜித் தலைவர் ஹைட்ரிக், ஜூன் 4 அன்று இறந்தார். ஜூன் 10 அன்று, அந்தத் தாக்குதலோடு தொடர்பு இருந்ததாக நிறுவப்படவே இல்லாத லிடிட்சேயில் 173 ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், பெண்கள் ஜெர்மனியின் ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள், குழந்தைகளில் பெரும்பாலோர் பின்னர் கொல்லப்பட்டார்கள், ஊர் தரைமட்டமாக்கப்பட்டது. ஆகவே உங்கள் கதாநாயகி துணிந்தவளா என்பதைவிட, அவள் துணிச்சலுக்கான விலையை அண்டை வீட்டார் கொடுக்க நேரும் என்று தெரிந்த பிறகும் அவள் அதைச் செய்வாளா என்பதே நாவலைத் தாங்க வேண்டிய கேள்வி. இளம் வாசகர்களுக்கு இது கனம் மிகுந்தது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை.

ஆக்கிரமிப்பின் கீழ் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்பதைக் கற்பனை செய்யக்கூடத் தேவையில்லை. பிரிட்டிஷ் முடியரசுக்கு உட்பட்ட ஜெர்சி, கெர்ன்ஸி முதலிய சேனல் தீவுகள் 1940 ஜூன் இறுதி முதல் 1945 மே வரை ஜெர்மானியர் வசம் இருந்தன. 1942 ஜூனில் அங்கே வானொலிப் பெட்டிகள் பறிமுதல் செய்யப்பட்டபோது, மக்கள் அவற்றை ஒளித்து வைத்தார்கள். சிலர் சிறிய படிக வானொலிகளைத் தாங்களே செய்துகொண்டார்கள். கெர்ன்ஸியில் ஒரு சிறு குழு பி.பி.சி. செய்திகளைத் தட்டச்சு செய்து கைக்குக் கை பரப்பியது. 1944இல் அது காட்டிக் கொடுக்கப்பட்டது, கைதானவர்களில் இருவர் உயிரோடு திரும்பவில்லை. ஜெர்சியில் தப்பியோடிய சோவியத் கைதி ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்த லூயிசா கூல்ட், ராவென்ஸ்ப்ரூக்கில் உயிரிழந்தார். அதே தீவுகளில் ஜெர்மானியரோடு ஒத்துப்போனவர்களும், அண்டை வீட்டாரைப் பற்றி மொட்டைக் கடிதம் எழுதியவர்களும் இருந்தார்கள். என் முதல் பிரதியில் இவர்களில் ஒருவர்கூட இல்லை. ஊரே வீரர்களால் நிறைந்திருந்தது.

பதின்பருவத்தினருக்கு அத்தகைய காலத்தில் செய்ய என்ன இருந்தது என்று கேட்டால், ஹாம்பர்க் நகரின் ஹெல்முத் ஹூபெனரைப் படியுங்கள். தடைசெய்யப்பட்ட பி.பி.சி. ஒலிபரப்பைக் கேட்டு, துண்டறிக்கைகளைத் தட்டச்சு செய்து, நண்பர்கள் சிலரோடு அவற்றை விநியோகித்தார். வேலை செய்த இடத்திலிருந்தே காட்டிக் கொடுக்கப்பட்டு, 1942 அக்டோபர் 27 அன்று, தம் பதினேழாம் வயதில், பெர்லினின் பிளோட்சென்சே சிறையில் தலை துண்டிக்கப்பட்டார். டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில் பள்ளி மாணவர்கள் சிலர் ஜெர்மானியரின் துப்பாக்கிகளைத் திருடி, வாகனங்களைச் சேதப்படுத்தி, 1942 மே மாதம் பிடிபட்டார்கள். எதிர்ப்பின் பெரும்பகுதி காகிதமும் காத்திருப்பும்தான். யாரை நம்புவது என்ற குழப்பத்துக்கு வெடிகுண்டைவிட அதிகப் பக்கங்களை ஒதுக்குங்கள்.

வரலாறு திசை மாறும் புள்ளியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். படையெடுப்புத் திட்டத்தை ஹிட்லர் 1940 செப்டம்பர் 17 அன்று காலவரையறையின்றி ஒத்திவைத்தார்; அந்த ஒத்திவைப்பு நிகழவில்லை என்று ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் பிரிட்டன் அந்தக் கோடையில் ரகசியமாக உருவாக்கிய ஆக்ஸிலியரி யூனிட்டுகளை விட்டுவிடாதீர்கள். எதிரி கரையேறினால் நிலத்தடி மறைவிடங்களுக்குள் சென்று, பின்னாலிருந்து நாசவேலை செய்வதற்காகப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆண்கள் அவர்கள். வீட்டாரிடம்கூடச் சொல்லக்கூடாது என்பது கட்டளை. தந்தை ஒருநாள் இரவு காரணம் சொல்லாமல் காணாமல் போகிறார், ஊரார் அவரைக் கோழை என்கிறார்கள், மகளும் அதை நம்பத் தொடங்குகிறாள். என் இரண்டாம் பிரதியை இப்போது அங்கிருந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.