பயோடெக் ஸ்டார்ட்அப்புக்குப் பல்கலைக்கழகமும் பெரிய கம்பெனியும் எதற்கு?

ஐடியா இருக்கிறது, லேப் இல்லை, பணமும் இல்லை, பல்கலைக்கழகத்தையும் ஒரு மருந்துக் கம்பெனியையும் பிடித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெனன்டெக் என்ற அமெரிக்க பயோடெக் கம்பெனி தொடங்கிய விதத்தைப் பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

1976இல் ராபர்ட் ஸ்வான்சன் என்ற இளம் முதலீட்டுக்காரர், சான்பிரான்சிஸ்கோவில் பேராசிரியர் ஹெர்பர்ட் போயரைப் பத்து நிமிஷம் பார்க்கப் போனார். பேச்சு மூன்று மணி நேரம் ஓடி, ஆளுக்கு 500 டாலர் போட்டுக் கம்பெனி தொடங்குவதில் முடிந்தது. ஆரம்பத்தில் சொந்த லேப்கூடக் கிடையாது. 1977இல் சோமட்டோஸ்டாட்டின் ஹார்மோனை பாக்டீரியாவில் உருவாக்கியது போயரின் லேபும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வகமும் சேர்ந்துதான், காசு மட்டும் கம்பெனியுடையது.

அடுத்த வருஷமே மனித இன்சுலின். சரி, சோதனைக்குழாயில் வந்துவிட்டது, அதைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, சுத்திகரித்து, நோயாளிகளிடம் சோதித்து அனுமதி வாங்குவது சின்னக் கம்பெனியால் ஆகிற காரியமா? அங்கேதான் எலி லில்லி வருகிறது, பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்துப் பல காலம் விற்ற கம்பெனி. 1982இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது, ஜெனன்டெக்குக்கு ராயல்டி, அதாவது விற்பனையில் ஒரு பங்கு.

அப்புறம் காப்புரிமை, நம் ஆட்கள் கோட்டைவிடுவது இங்கேதான். போயரும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி கோஹனும் மரபணுவை வெட்டி ஒட்டி பாக்டீரியாவில் பெருக்கும் முறையைப் பற்றி 1973இல் ஆய்வுப் பேப்பரை வெளியிட்டுவிட்டார்கள். ஸ்டான்போர்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்ததோ 1974 நவம்பரில். அமெரிக்காவில் வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு என்பதால் அங்கே தப்பியது, வெளிநாட்டு உரிமை போயே போனது. அதனால் பேப்பரோ மாநாட்டில் போஸ்டரோ போடும் முன் உங்கள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.