மகளைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. ஆறு மாதமாக மூக்கின் இரண்டு பக்கமும் கன்னமும் செதில் செதிலாக உரிகிறது. பவுடர் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கிறது. அடுப்படியில் நின்றாலே முகம் சிவந்து எரிகிறது. கற்றாழை, தயிரில் குழைத்த கடலை மாவு, எலுமிச்சைச் சாறு எல்லாம் பார்த்துவிட்டேன். இரண்டு வருடமாக ராத்திரியில் ஒரு க்ரீம் போடுகிறேன். நாத்தனார் சொல்லி மெடிக்கலில் வாங்கியது. ஒரே மாதத்தில் முகம் நன்றாக வெளுத்தது. இப்போது நாலு நாள் விட்டால் உரிவது அதிகமாகிறது, மறுபடி போட்டால் அடங்குகிறது. எட்டாவது படிக்கும் என் மகளும் இரண்டு மாதமாக அதைத்தான் போடுகிறாள். தீர்ந்தால் அவளே கடையில் வாங்கி வந்துவிடுவாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் க்ரீமில் குறை இருக்காது. அவள் நிறம் கம்மி என்று என் மாமியாருக்கு மனக்குறை உண்டு. தோல் உரிவது நிற்க வீட்டிலேயே செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல்

பதில்: உங்கள் முகத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறீர்கள். மகளைப் பற்றி எழுதியது சில வரிகள்தான். அதுவும் அவளைப் பற்றிய கவலையால் இல்லை, க்ரீம் நல்லது என்று நிரூபிக்க அவளைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறீர்கள். உங்கள் முகம் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் அந்தப் பிள்ளையைப் பேசுவோம்.

க்ரீமின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். அதை இங்கே அச்சிடவில்லை. அதே கலவையில் வேறு வேறு பெயர்களில் பல டியூப்கள் விற்கின்றன, ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை நல்லவை என்று ஆகிவிடும். டியூபைத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று மூன்று பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். முதலாவது நிறத்தைக் குறைப்பது. இரண்டாவது மேல்தோலைச் சீக்கிரம் கழலச் செய்வது, தோல் உரிவது அதன் வேலையிலேயே சேர்ந்தது. மூன்றாவது ஸ்டீராய்டு, அழற்சியை அடக்குவது. கன்னத்தில் மங்கு விழுந்தவர்களுக்குத் தோல் மருத்துவர் சில வாரங்களுக்கு எழுதிக்கொடுத்து, கூப்பிட்டுப் பார்த்து, நிறுத்தச் சொல்கிற மருந்து, மூன்றும் சேர்ந்த இந்தக் கலவை. மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்று டியூப் மீதே போட்டிருக்கும். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று தனியாக உத்தரவு போடுகிற அளவுக்கு இந்த வியாபாரம் கைமீறிப் போயிருந்தது.

அந்த மருந்தைத்தான் எட்டாம் வகுப்புப் பெண் கையில் காசு கொடுத்து வாங்கி வரச் சொல்கிறீர்கள். கடைக்காரர் செய்வது சட்ட விரோதம், அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் அந்தப் பிள்ளைக்கு யாரோ. நீங்கள் அம்மா.

"அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்கிறீர்கள். உங்களுக்கும் இரண்டாவது மாதத்தில் ஒன்றும் ஆகவில்லையே. முகம் வெளுத்தது என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். ஸ்டீராய்டு முதலில் சிவப்பை அடக்கும், தோலைப் பளிச்சென்று காட்டும். உள்ளுக்குள் தோல் மெலிந்துகொண்டே போகும். அப்புறம் கன்னத்தில் ரத்தக்குழாய்கள் சிவப்பு இழைகளாகத் தெரியும், பரு கிளம்பும், சிலருக்கு முகத்தில் ரோமம் வளரும், வெயிலும் அடுப்புச் சூடும் தாங்காது. ஹைட்ரோகுவினோனை வருடக்கணக்கில் பூசினால் கருநீலமாகப் படிந்துவிடுவதும் உண்டு, அதைப் போக்குவது பெரும்பாடு. வயசுக்கு வருகிற காலத்தில் பரு தானாகவே வரும். அந்த முகத்தில் இதைப் பூசினால் எது வயசுப் பரு, எது மருந்துப் பரு என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டம்.

மாமியாருக்கு மனக்குறை என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். வீட்டுப் பெரியவர்களை எதிர்த்துப் பேசு என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் பேத்தியின் நிறத்தைக் குறையாகப் பேசுவது பெரியவர்களுக்கான உரிமை இல்லை, அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது மரியாதையும் இல்லை. உங்கள் கணவர் எங்கே? கடிதம் முழுக்கத் தேடினேன், அவரைக் காணோம். தன் அம்மாவிடம் உட்கார்ந்து, "இனி என் பெண்ணின் நிறத்தைப் பற்றி இந்த வீட்டில் பேச்சு வேண்டாம்" என்று சொல்ல வேண்டியது அவர். அந்தப் பொறுப்பை மருமகள் தலையில் கட்டிவிட்டு அவர் டிவி பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இந்தப் பக்கத்தை அவரிடம் நீட்டுங்கள்.

மகளிடம் நீங்களே பேசுங்கள். "தெரியாமல் கொடுத்துவிட்டேன், உன் முகத்தில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டியூபைப் பிடுங்கி ஒளித்து வைத்தால் அவள் கடைக்குத் தனியாகப் போவாள். வழி காட்டியது நீங்கள்தான். இன்று ராத்திரியிலிருந்து அவளுக்கு அது வேண்டாம்.

சரி, உங்கள் முகம். விட்டால் உரிகிறது, போட்டால் அடங்குகிறது என்று எழுதினீர்களே, அதுதான் துப்பு. தோல் ஸ்டீராய்டுக்குப் பழகிவிட்டது. நம் மேல்தோலில் செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும், இடையில் கொழுப்பு சாந்து மாதிரி. அந்தச் சாந்து கரைந்தால் ஈரம் வெளியே போகும், கண்ணுக்குத் தெரியாமல் தினமும் உதிர வேண்டியது கொத்தாகப் பெயர்ந்து செதிலாக வரும். அது மறுபடி கட்டிக்கொள்ள விடாமல் நீங்கள் எலுமிச்சையை ஊற்றியிருக்கிறீர்கள். எலுமிச்சைச் சாற்றில் அமிலம் அதிகம். கடலை மாவைத் தேய்த்தது போதாதென்று செதிலை நகத்தால் கிள்ளி எடுப்பீர்கள் என்றும் நினைக்கிறேன், எல்லோரும் அதைச் செய்கிறார்கள். இதெல்லாம் இன்றோடு போதும். ஆவி பிடிக்காதீர்கள். குளிக்கிற சோப்பும் முகத்துக்கு வேண்டாம்: அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு தோலுக்குச் சுமார் 5, லேசான அமிலம்; சாதாரண சோப்பு 9, 10 என்று காரமாக இருக்கும்.

பச்சைத் தண்ணீரில் முகம் கழுவுங்கள். துண்டால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசரோ, வெறும் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாகவோ தடவுங்கள். காலையும் ராத்திரியும் அவ்வளவுதான். வெயிலில் போனால் துப்பட்டாவோ குடையோ.

தேங்காய் எண்ணெய் என்று யாராவது சொல்வார்கள். மூக்கோரத்திலும் புருவத்திலும் மஞ்சளாகப் பிசுபிசுப்போடு செதில் வந்து, தலையிலும் பொடுகு இருந்தால் அது பொடுகின் கூடப்பிறந்தது. தோலில் வாழும் மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெய்ப் பசையில்தான் செழிக்கும், எண்ணெய் தடவினால் அதற்குத் தீனி. அதற்கு மருந்து வேறு. உடம்பு முழுக்க வறட்சி, அசதி, முடி கொட்டுவது என்று இருந்தால் தைராய்டும் பார்க்க வேண்டும். உங்களுக்கு இதில் எது கூடச் சேர்ந்திருக்கிறது என்பதை நேரில் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும். கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது.

க்ரீமை நீங்களாகத் திடீரென்று விட்டால் முகம் பொங்கிச் சிவக்கும், பயந்துபோய் மறுபடி டியூபைத் தேடுவீர்கள். இரண்டு வருடப் பழக்கம். உடனே நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்று தோல் மருத்துவர் முடிவு செய்வார். சில வாரம் முன்பை விட மோசமாகத் தெரியலாம், சரியாகப் பல மாதம் ஆகலாம். அந்த நாட்களில் நாத்தனார் இன்னொரு டியூபோடு வந்தால் வாங்காதீர்கள்.

தனியார் மருத்துவருக்குச் செலவழிக்க முடியாது என்றால் உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. இந்த வாரமே, காலையிலேயே போய் ஓபி சீட்டு போடுங்கள். இரண்டு சீட்டு, உங்களுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் கேட்டால் "எப்பவாவது பூசுவேன்" என்று மழுப்பாதீர்கள். எத்தனை மாதம், ராத்திரிக்கு எவ்வளவு என்று அவள் எதிரிலேயே சொல்லுங்கள்.