செல் செத்த பிறகுதான் தள்ளாட்டம் வருமா?

"எம்.ஆர்.ஐ.யில் சிறுமூளை பெரிதாகச் சுருங்கவில்லை என்கிறார்கள், ஆனால் நடை தள்ளாடுகிறது. எப்படி?" என்பது கேள்வி. நான் டாக்டர் இல்லை. எங்கள் பெரியப்பாவுக்கு எஸ்.சி.ஏ. 1 என்ற பரம்பரை அட்டாக்சியா (நடையும் பேச்சும் தடுமாறும் சிறுமூளை நோய்), அதனால் தேடிப் படித்தவன்.

சிறுமூளைச் செல்கள் செத்துச் சுருக்கம் தெரிவதற்கு வெகு முன்பே அவற்றின் மின்துடிப்பு கெட்டுவிடுகிறது. அதுதான் பதில்.

சிறுமூளைப் புறணியிலிருந்து (மேலடுக்கு) வெளியே சேதி போவது பர்கின்ஜி செல்கள் வழியாக மட்டுமே. 1837-இல் யான் பர்கின்ஜி விவரித்தவை. யாரும் தூண்டாவிட்டாலும் இவை நொடிக்குப் பல பத்து தடவை தாமாகவே மின்துடிப்பு விடும். ஒவ்வொரு துடிப்பும் உள்ளே இருக்கும் அடுத்தகட்ட செல்களை அடக்கும். கை கால் அசைவுக்கு அந்த நேரக்கணக்குதான் உயிர். தவில்காரருக்குக் கை ஓயாமலே காலப்பிரமாணம் தவறினால் கச்சேரி என்ன ஆகும்? அந்தக் கதைதான்.

எஸ்.சி.ஏ. 1-இல் அட்டாக்சின்-1 மரபணுவுக்குள் சி.ஏ.ஜி. என்ற டி.என்.ஏ. எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வந்து அளவுக்கு மீறி நீண்டுவிடுகிறது (1993-இல் கண்டுபிடித்தார்கள்). அதில் உருவாகும் புரதம் செல்லின் உட்கருவில் புகுந்து வேறு பல மரபணுக்களின் வேலையைக் குலைக்கிறது. செல்லின் சவ்வில் பொட்டாசியம் போய்வரும் வாயில்கள் குறைகின்றன. ஒரு துடிப்பு முடிந்து அடுத்ததற்குச் செல் சரியாகத் தயாராக முடிவதில்லை. துடிப்பு மந்தமாகிறது, ஒழுங்கும் போகிறது. இந்த நோயை உண்டாக்கிய எலிகளில், செல்கள் உயிரோடு இருக்கும்போதே இதைப் பார்த்திருக்கிறார்கள். அமினோபிரிடின் என்ற மருந்தைக் கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்தபோது எலிகளின் நடையும் தேறியது. மனிதர்களுக்கு நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை, விற்பவர்களை நம்பாதீர்கள்.

பெரியப்பா நீடாமங்கலம் பக்கத்து விவசாயி. தலையில் நாற்றுக்கட்டோடு வரப்பில் விறுவிறுவென்று போவார். தார்ரோட்டில் ஒன்றும் தெரியாத நாளிலேயே, வரப்பு முக்கில் திரும்பும்போது ஒரு கால் சேற்றில் இறங்கும். பிறகு காலை அகட்டி வைக்க ஆரம்பித்தார், பேச்சும் குழறியது. டீக்கடையில் "என்னண்ணே, காலையிலேயே ஊத்தியாச்சா?" என்பார்கள். சொட்டுக்கூடக் குடிக்காத மனுஷன். முதல் ஸ்கேனைப் பார்த்து "வயசுக்கேத்த சுருக்கம்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி என்றால் ஸ்கேனோடு நிற்காமல் நரம்பியல் மருத்துவரிடம் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். சமநிலைக்கான பிசியோதெரபியை உடனே தொடங்கலாம், பெரியப்பாவுக்கு அது உதவுகிறது. பிள்ளைகளுக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஆனால் அறிகுறி இல்லாதவர்கள் 18 வயதுக்குப் பிறகு, மரபணு ஆலோசகரிடம் பேசிவிட்டு, தாங்களாகவே விரும்பினால் மட்டும் டெஸ்ட் எடுக்கட்டும்.