வீட்டுச் சாவி தொலைந்துவிட்டால் டூப்ளிகேட் போட்டால் போதுமா, பூட்டையே மாற்ற வேண்டுமா?

மதுரையில் பூட்டு, சாவி வேலை பார்க்கிறேன். அப்பாவிடம் கற்றுக்கொண்ட தொழில். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள்.

சாவி எப்படிப் போனது என்று முதலில் யோசியுங்கள். கிணற்றுக்குள் விழுந்ததைக் கண்ணால் பார்த்தீர்கள் என்றால் டூப்ளிகேட் போதும். பஸ்ஸில் கைப்பையோடு போய்விட்டது, பைக்குள் ஆதார் அட்டையும் இருந்தது என்றால் சாவியும் விலாசமும் சேர்ந்து ஒருவர் கையில் கிடைத்திருக்கிறது. டூப்ளிகேட் போட்டால் நீங்கள் உள்ளே போகலாம், சாவியை எடுத்தவரும் போகலாம். அந்தப் பழைய சாவி இனி உங்கள் கதவில் வேலை செய்யக்கூடாது. அதைச் செய்துவிட்டுத்தான் அன்று ராத்திரி படுக்கவேண்டும்.

அதற்காகப் பூட்டு மொத்தத்தையும் பெயர்க்க வேண்டியதில்லை. நல்ல தேக்குக் கதவில் பழைய பூட்டைப் பிடுங்கி, அளவு பொருந்தாத புதுசை வைத்து, ஓட்டையை மரத்தூளும் பசையும் போட்டு அடைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இப்போது வரும் அபார்ட்மெண்ட் கதவுகளில் பெரும்பாலும் கைப்பிடியோடு, கதவின் விளிம்புக்குள் பதித்த மார்டைஸ் பூட்டு இருக்கிறது. அதில் சாவி நுழையும் பாகமான சிலிண்டரை மட்டும் மாற்றலாம். கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். தாழ் வெளியே வரும் தகட்டில், சாவித் துவாரத்துக்கு நேராக ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, மிச்சமிருக்கும் சாவியைப் போட்டு லேசாகத் திருப்புங்கள். சிலிண்டரின் நடுவில் உள்ள நாக்கு உடம்போடு ஒரே மட்டத்துக்கு வந்ததும் முழுசாக வெளியே உருவிக்கொண்டு வரும். கடையில் 60, 70, 80 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். மொத்த நீளம் மட்டும் தெரிந்தால் போதாது, ஸ்க்ரூ துளையின் நடுவிலிருந்து உள்பக்கம் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாக அளக்கவேண்டும். பழசையே கையில் எடுத்துக்கொண்டு போவது உத்தமம். வெளிப்பக்கம் 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கக்கூடாது. நின்றால் திருடன் பிளையரால் கவ்வி முறித்துவிடுவான். ஸ்க்ரூ துளை இருக்கும் இடம்தான் சிலிண்டரில் மெலிந்த இடம்.

கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் என்றால் வேறு வழி. அதன் சிலிண்டருக்குள் ஐந்து ஆறு பித்தளைப் பின்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் ஒரு உயரம். சாவியின் பள்ளம் மேடு அவற்றை எல்லாம் ஒரே கோட்டுக்குத் தூக்கினால்தான் சுற்றும். பின்களை வெளியே எடுத்து, இடம் மாற்றிப் போட்டு, அதற்கேற்றபடி புதுச் சாவி வெட்டிவிட்டால் பழைய சாவி உள்ளே நுழையும், திரும்பாது. பின்களின் உயர வித்தியாசம் மிகவும் நுணுக்கமானது என்பதால் நிதானமாக உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை. பின்களுக்குப் பதில் லீவர் என்ற தகடுகளைச் சாவி தூக்கித் திறக்கும் பழைய லீவர் பூட்டிலும் இது முடியும். மூடியைத் திறந்து லீவர் தகடுகளின் வரிசையை மாற்றி அடுக்கிப் புதுச் சாவி செய்வோம். ரிவெட் அடித்து மூடிய பூட்டில் மட்டும் முடியாது, அதை மாற்றத்தான் வேண்டும்.

ஒரு சாவிகூடக் கையில் இல்லை என்றாலும் பயப்படாதீர்கள். லீவர் பூட்டுக்குப் பல் வெட்டாத வெற்றுச் சாவியை மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரி படியவைப்போம். பூட்டுக்குள் விட்டு அழுத்தித் திருப்பினால், லீவர் இடிக்கும் இடத்தில் கரி கலைந்து பளிச்சென்று ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டில் அரத்தை இரண்டு இழுப்பு இழுத்து, திரும்பக் கரி, திரும்பத் திருப்பல். கடைசியில் பூட்டு தானாக வழிவிடும்போது கை விரலுக்குத் தெரியும். எத்தனை வருஷம் ஆனாலும் அந்த நொடி எனக்கு அலுக்கவில்லை. வந்ததும் வராததுமாக டிரில்லை எடுக்கிற ஆளிடம், "வேற வழி பார்த்தீங்களாண்ணே?" என்று கேளுங்கள். டிரில் கடைசியில் வரவேண்டியது.

எண்ணெய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூட்டு இறுகினால் நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அன்றைக்குச் சுலபமாகத் திரும்பும், போகப் போகத் தூசியோடு சேர்ந்து பிசினாகி பின்களைப் பிடித்துக்கொள்ளும். பென்சில் முனையைச் சுரண்டிய தூளைச் சாவியில் தடவிப் போட்டுத் திருப்புங்கள், அது போதும்.

கதவைத் திறக்கக் கூப்பிட்டால் நான் ஆதார் அட்டை கேட்பேன். அது உள்ளே மாட்டிக்கொண்டது என்றால் பக்கத்து வீட்டுக்காரரையோ வீட்டு ஓனரையோ வந்து நிற்கச் சொல்வேன். மழையில் நனைந்துகொண்டு நிற்பவரிடம் இதைக் கேட்பது சங்கடமாகத்தான் இருக்கும். சிலர் கோபித்துக்கொள்வார்கள். கேட்காமல் ஒரு கதவையும் நான் திறப்பதில்லை.

சாவி தொலையாவிட்டாலும் பூட்டை மாற்றியமைக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு: வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்யும்போது. இப்படித்தான் ஒரு வீட்டுக்கார அம்மா, "ரெண்டு சாவியையும் திருப்பிக் குடுத்துட்டாங்களே தம்பி, அப்புறம் எதுக்குச் செலவு?" என்றார். "அவங்க நல்லவங்கதாம்மா. ஆனா வேலைக்கு வந்தவங்க, வந்து தங்கின சொந்தக்காரங்கன்னு யார் யார்கிட்ட இன்னொரு சாவி இருக்குன்னு அவங்களுக்கே ஞாபகம் இருக்காது" என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். பின்களை மாற்றிப் போட்டு, புதுச் சாவி மூன்று வெட்டிக் கொடுத்தேன். அதே பூட்டு, அதே கதவு, புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடவில்லை.