தந்தையின் பீட்டில்ஸ் கையெழுத்துகள்

கேள்வி: 1965இல் வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்த என் தந்தை, இங்கிலாந்தின் நால்வர் பாப் இசைக்குழுவான பீட்டில்ஸின் ரசிகர் மன்றத்துக்குக் கடிதம் எழுதி, அந்த நால்வரின் கையெழுத்துள்ள புகைப்படம் ஒன்றைத் தபாலில் பெற்றார். இப்போது அவர் இல்லை. ஃபிரேம் கடைக்காரர் அதை லேமினேட் செய்யச் சொல்கிறார். சென்னை வியாபாரி ஒருவர், கட்டணம் கொடுத்தால் தாமே சான்றிதழ் தந்து விற்றுத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: முதலில் லேமினேஷன் எண்ணத்தைக் கைவிடுங்கள். சூடும் பசையும் ஏறிய படத்தைச் சேதமின்றிப் பிரித்தெடுப்பது அநேகமாக இயலாது; கையெழுத்து அசலாகவே இருந்தாலும் அதன் மதிப்பு அந்தக் கடையிலேயே போய்விடும்.

அடுத்தது உங்களுக்குச் சற்று வருத்தம் தரலாம். புகழின் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டில், குவிந்த கடிதங்களுக்கெல்லாம் நால்வரும் உட்கார்ந்து கையெழுத்திட்டிருப்பார்கள் என்று நம்புவது கடினம். ரசிகர் மன்றங்கள் அனுப்பிய படங்களில் கையெழுத்தும் சேர்த்தே அச்சிடப்பட்டவை மிகுதி. பேனாவால் எழுதப்பட்டவற்றிலும், குழுவுடன் பயணம் செய்த உதவியாளர்களான நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் நால்வருக்காகவும் போட்டுக் கொடுத்தவை ஏராளம். குழுவில் ஒருவரே மற்றவர்களின் பெயரையும் எழுதிக் கொடுத்ததுண்டு. இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் செய்த வேலை.

ஆகவே படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். எழுத்துக் கோடுகள் சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தால் அது அச்சு. புள்ளிகள் இல்லாமல், மை மேற்பரப்பில் தனியாகப் படியாமல் படத்தோடு ஒன்றாகவே பளபளத்தால், கையெழுத்திட்ட ஒரு படத்தை மீண்டும் புகைப்படமாக எடுத்த பிரதியாக இருக்கலாம். மை தனியாகத் தெரிந்தால் மட்டுமே, அது யார் கை என்ற கேள்விக்குப் போக வேண்டும். நான்கு பெயர்களும் ஒரே சாய்விலும் ஒரே அழுத்தத்திலும் இருந்தால் ஒருவரே எழுதியது என்று சந்தேகிக்கலாம்.

விற்பவரே தரும் சான்றிதழை நம்பாதீர்கள். 1990களில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் பிடித்த போலிக் கையெழுத்துகள் பலவும் சான்றிதழோடுதான் விற்கப்பட்டன. அதைவிட, படம் வந்த உறை உங்களிடம் இருக்கிறதா என்று தேடுங்கள். கையெழுத்தை அது மெய்ப்பிக்காது என்றாலும், தபால் முத்திரையும் தந்தையின் வேலூர் முகவரியும் அந்தப் படம் எப்போது, எங்கிருந்து, யாருக்கு வந்தது என்பதைச் சொல்லும். வாங்குபவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

நம் ஊர்ச் சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் என்பதால், வெயில் நேராக விழும் சுவரில் மாட்டாதீர்கள். ஒளி மையை வெளுக்கச் செய்யும். ஒட்டும் தாள் கொண்ட பழைய ஆல்பமும் பி.வி.சி. உறையும் வேண்டாம், பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறையில் இட்டு, அமிலமற்ற அட்டை ஒன்றைப் பின்னால் வைத்து, ஈரச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.

விற்கத்தான் வேண்டுமென்றால், படத்தின் இருபுறத்தையும் உறையையும் ஸ்கேன் செய்து, பாப் இசைப் பொருள்களை ஏலம் விடும் லண்டன் நிறுவனங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிக் கேளுங்கள். அவர்களின் பதில் வரும்வரை அசல் உங்கள் வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம், சென்னைக்கும்கூட.