அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுக்காமல் உங்களைக் காத்துக்கொள்வது எப்படி?

கேள்வி: கருங்கல் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 36. கருத்தடை பற்றியும் சட்டப்படியான கருக்கலைப்பு பற்றியும் ஆறு ஆண்டுகளாக மகளிர் குழுக் கூட்டங்களில் பேசிவருகிறேன். நான்கு மாதத்துக்கு முன் ஒரு பெண்ணுக்குத் துணையாக அரசு மருத்துவமனைக்குப் போனேன். அதன்பிறகு, ‘பிள்ளையைக் கொல்ல ஆள் பிடிப்பவள்’ என்று என்னைப் பற்றிய குரல் பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. யாரென்று தெரியாத எண்ணிலிருந்து நள்ளிரவில் மிரட்டுகிறார்கள். பயத்தில் போனையே மாற்றிவிட்டேன். தைக்கக் கொடுத்திருந்த துணியை மூன்று பேர் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளைப் பள்ளியில் குத்திக்காட்டுகிறார்கள். ‘இப்படியே போனால் பிள்ளையை உன்னிடம் விடமாட்டோம்’ என்கிறார் மாமியார். கணவர் தடுக்கவில்லை, ஆனால் இரண்டு வாரமாகச் சரியாகப் பேசுவதில்லை. அன்று நடந்ததை ஊரார் முன் சொல்லி என் பக்க நியாயத்தை விளக்கிவிடலாமா? இல்லை, எல்லாவற்றையும் நிறுத்திவிடவா?

பதில்: விளக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்க வைத்தது அந்த வரிதான்.

எந்த நிலைமையில் அந்தப் பெண் உங்களிடம் வந்தார் என்று சொல்லிவிட்டால் ஊரில் பாதிப் பேர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சாட்சியம் உங்களுடையது அல்ல. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரங்களையும் வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம் என்கிறது 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம். அந்தப் பிரிவு மருத்துவரைத்தான் கட்டுப்படுத்துகிறது. துணைக்குப் போனவர் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பெயரைச் சொல்லாமல் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்த புதிதில், குலசேகரம் பக்கம் ஒரு கூட்டத்தில் நான் அந்தத் தவறைச் செய்தேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. ரப்பர் பால் வெட்டப் போகிறவர், கணவர் வளைகுடாவில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. சில மாதம் கழித்து மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் தலையில் இருந்த முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு மறுபக்கம் நடந்துபோனார். இருபது ஆண்டு ஆகிறது. இன்றுவரை என்னால் அதை ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

கேட்பவர்களிடம் நீங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: “சட்டம் அனுமதிப்பதை, கேட்கிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். யாரோடு எங்கே போனேன் என்பதை யாரிடமும் சொல்லமாட்டேன். நாளை உங்கள் வீட்டுப் பெண் வந்தாலும் இப்படித்தான்.” கடைசி வாக்கியத்தைக் கோபமில்லாமல் சொல்லுங்கள். கேட்டவர்களில் யாரோ ஒருவர் அதை மனதில் வைத்துக்கொள்வார்.

சட்டத்தைப் பற்றி மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். 1971 முதல் இந்தச் சட்டம் இருக்கிறது. இன்றைய நிலையில், சட்டம் சொல்லும் காரணங்களுக்காக 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் குறிப்பிட்ட பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் 24 வாரத்துக்குப் பிறகும் மருத்துவக் குழு முடிவெடுக்கலாம். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டுமே போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. மணமாகாத பெண்ணை வேறுபடுத்தக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

நீங்களே சிக்கிக்கொள்ளக்கூடிய இரண்டு இடங்களைச் சொல்லியாக வேண்டும். யார் காலைப் பிடித்துக் கெஞ்சினாலும் கருக்கலைப்பு மாத்திரையை நீங்கள் வாங்கிக் கொடுக்காதீர்கள். சட்டத்தின் பாதுகாப்பு பதிவு பெற்ற மருத்துவர் செய்வதற்குத்தான் உண்டு. அடுத்தது, வருகிறவர் 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டம் குறுக்கே வரும். தகவல் தெரிந்த எவரும் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும், மறைப்பது குற்றம். ஆனால் கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவளுடைய அடையாளத்தைச் சொல்லத் தேவையில்லை என்று அதே 2022 தீர்ப்பு இடம் கொடுத்திருக்கிறது. அதனால் அப்படிப்பட்ட பிள்ளையைத் தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போவதுதான் அவளுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

இனி மிரட்டல். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 351-இன்படி மிரட்டல் குற்றம். கொல்வேன் என்றோ, நடத்தையைப் பழித்துப் பரப்புவேன் என்றோ மிரட்டினால் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. பெயரை மறைத்துக்கொண்டு மிரட்டுவதற்குத் தனியாக இரண்டு ஆண்டு வரை சேரும். அவதூறு பிரிவு 356-இல் வருகிறது. ஆனால் அதற்குக் காவல் நிலையத்தில் நேரடியாக வழக்குப் பதிய மாட்டார்கள். குற்றவியல் நடுவர் முன் நீங்கள் தனிப்புகார் தர வேண்டும், அது மெதுவாகத்தான் நகரும். எனவே மிரட்டலை முதலில் எடுங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

வழக்குக்குச் செலவாகுமே என்று தயங்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். நாகர்கோவில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

திரும்பிப் போன துணிகளுக்கு எந்தப் பிரிவும் இல்லை. வெட்டாத ரவிக்கைத் துணியை ஒருவர் திருப்பிக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். இந்த வேலைக்கு வரும் பெண்களிடம் யாருமே முன்கூட்டிச் சொல்லாத விலை இது. நீங்கள் கொடுத்துக்கொண்டிருப்பதும் இதைத்தான். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த மாதம் எவ்வளவு வருமானம் குறைந்தது, யார் வரவில்லை, எத்தனை இரவு தூங்கவில்லை. அதைக் குழுவின் முன் வையுங்கள். ஆறு ஆண்டாக உங்களால் பயன்பெற்ற குழுவுக்கு உங்கள் இழப்பு கண்ணில் பட வேண்டும். மார்த்தாண்டம், தக்கலை கடைகளிலிருந்து பள்ளிச் சீருடைத் தையல் பிடித்துத் தர அவர்களால் முடியும். கேட்க வெட்கப்படாதீர்கள்.

கோவிலிலோ தேவாலயப் பங்கிலோ உங்கள் கருத்தை மறுத்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்தக் குரல் பதிவை அனுப்பியவர்கள் அல்ல. மனசாட்சிப்படி எதிர்ப்பவரோடு உறவை முறித்துக்கொள்ளாதீர்கள். 1935-ஆம் ஆண்டு இறுதியில் திருவனந்தபுரத்தில் அகில இந்தியப் பெண்கள் மாநாடு கூடியபோதும் கருத்தடை பற்றிய விவாதம் அரங்கை இரண்டாகப் பிரித்தது. அன்று நம் குமரி மாவட்டமும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது. இந்த வாக்குவாதம் இங்கே புதிதல்ல.

மாமியாரின் பேச்சுக்கு வருகிறேன். சென்னை பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட், இந்தியாவுக்கு வருவதற்கு முன் 1877-இல், கருத்தடை பற்றிய சிறு நூலை மறுபதிப்பு செய்ததற்காக லண்டனில் வழக்கைச் சந்தித்தார். தண்டனை மேல்முறையீட்டில் விழுந்துபோனது. ஆனால் மறு ஆண்டு, அந்த நூலையும் அவருடைய நாத்திகத்தையும் காட்டி, மகள் மேபலை நீதிமன்றம் அவரிடமிருந்து எடுத்துத் தந்தையிடம் கொடுத்துவிட்டது. பிள்ளைகள் வளர்ந்து ஆளானபின் தாயிடமே திரும்பி வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று நம் நீதிமன்றங்கள் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. தாய் கருத்தடை பற்றிப் பேசினார் என்பது மட்டுமே பிள்ளையைப் பிரிக்கக் காரணமாகாது. அதைவிட, தாயும் தந்தையும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும்போது பாட்டி பிள்ளையை எடுத்துக்கொள்ள முடியாது. இதை நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவருடைய மௌனத்தை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைத்தெருவில் அவரிடம் என்னவெல்லாம் கேட்கிறார்களோ, நமக்குத் தெரியாது. ஒருநாள் இரவு அவரைக் கேளுங்கள், குறுக்கிடாமல் கேளுங்கள். மகளிடம் நடந்ததை அவள் வயதுக்கேற்பச் சொல்லிவிடுங்கள். வகுப்புத் தோழி வாயிலாக அவளுக்குத் தெரிய வேண்டாம். தூக்கம் தொடர்ந்து கெட்டால் 14416-இல் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். நீங்களும் பேசலாம், அவரும் பேசலாம்.

நிறுத்தவா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று மாதம் ஓய்வெடுங்கள். குழுவில் இரண்டு பேரைப் பழக்கி, அழைப்புகள் அவர்களுக்குப் போகும்படி செய்யுங்கள். ஆறு ஆண்டாக ஒரே ஆள் எல்லாவற்றையும் தூக்கியதால்தான் எல்லாக் கல்லும் ஒரே வீட்டில் விழுகிறது. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருவதா வேண்டாமா என்பதை அப்போது நீங்கள் முடிவெடுங்கள். எதை எடுத்தாலும் நான் உங்களை மதிப்பேன்.

இப்போதைக்கு ஒரு வேலை இருக்கிறது. பழைய போனை விற்கவோ அழிக்கவோ செய்யாதீர்கள். குரல் பதிவையும் அழைப்புப் பட்டியலையும் அப்படியே விடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்‌ஷிய அதிநியம்) பிரிவு 63-இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலப் பதிவு அந்தப் போனிலேயே இருந்தால் அது எளிது. சார்ஜரையும் சேர்த்து ஒரு பையில் போட்டு வைத்துவிட்டு, புகார் கொடுக்கப் போகும் நாளில் எடுத்துக்கொண்டு போங்கள்.